ஐ7 என்றால் எந்த வருஷத்து ஐ7?



பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்க எந்த பிராசஸர் நல்லது என்று இந்த மாதம் மட்டும் நாலு பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். எல்லாருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் பழைய மாணவன் ஒருவனிடம் இரண்டு நாள் உட்கார்ந்து பாடம் கேட்டேன்.

கேட்க வேண்டி வந்ததற்குக் காரணம் என் தங்கை. பேரன் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறான். படிக்கவும் வேண்டும், கேம் ஆடவும் வேண்டும். அவள் சீட்டு எடுத்து 50,000 ரூபாய் வைத்திருந்தாள். ஒரு கடையில் கலர் லைட் எரிகிற பெட்டியோடு 48,000 சொன்னார்களாம். "ஐ7 போட்டுத் தர்றாங்கண்ணா, ஐ3-யைவிடப் பெரிசுதானே?" என்றாள். சீட்டுப் பணம் இன்னும் பதினாலு மாதம் கட்ட வேண்டும். கொட்டேஷனை வாங்கிப் பார்த்தேன். ஐ7-2600 என்று இருந்தது.

அந்தக் கடைசி எண்ணில்தான் விஷயம். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-ல் வந்தது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது. இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட்தான். ஆனாலும் புதிய ஐ3 அந்தப் பழைய ஐ7-ஐ எங்கேயோ பின்னால் விட்டுவிடும். தவிர, ஒன்றிரண்டு விதிவிலக்கு போக, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது.

கோர் அதிகமாக இருந்தால் வேகம் என்றும் சொல்வார்கள். நூறு விடைத்தாளை நாலு ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் சீக்கிரம் முடியும். ஒரே ஒரு விடைத்தாள் என்றால்? நாலு பேர் சேர்ந்து திருத்த முடியாது. திருத்துகிற ஒருவர் வேகமானவராக இருக்க வேண்டும். கேமில் பெரும்பகுதி அந்த ஒற்றை விடைத்தாள் மாதிரி. அதனால் 6 கோர் உள்ள புதிய பிராசஸர் இன்று தாராளமாகப் போதும். வீடியோ எடிட்டிங் மாதிரி பிரித்துச் செய்யக்கூடிய வேலைக்குத்தான் கூடுதல் கோர் நன்றாக உதவும்.

இன்னொன்று. கேமில் படம் வரைகிற வேலை கிராஃபிக்ஸுடையது. சில பிராசஸருக்குள்ளேயே அது இருக்கும், சிலவற்றில் இருக்காது. இன்டெல்லில் ஐ5-12400-ல் உண்டு; எஃப் சேர்ந்த 12400எஃப்-ல் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5 5600-ல் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. இல்லாததை வாங்கி, தனி கார்டும் போடாவிட்டால் திரையில் ஒன்றும் வராது.

பேரனுக்கு 5600ஜி வாங்கினோம். வாலரண்ட் மாதிரி இலகுவான கேம்கள் தனி கார்டு இல்லாமலே ஓடும். பையன் சம்பாதிக்கும்போது கார்டு சேர்த்துக்கொள்ளலாம். ராம் மட்டும் ஒரே 16 ஜிபியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாகப் போட்டோம். உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸ் அந்த ராமைத்தான் பயன்படுத்துகிறது. ஒற்றை மாட்டு வண்டியைவிட இரட்டை மாட்டு வண்டி இழுக்கும் அல்லவா!

ஆகவே சுருக்கமாக:

பாடம், பாங்க் வேலை, யூடியூப் மட்டும் என்றால் ஐ3-12100 மாதிரி ஒன்றும், ஒரு எஸ்எஸ்டியும் போதும்.

படிப்போடு கொஞ்சம் கேம் என்றால் 5600ஜி மாதிரி.

பெரிய கேம்தான் முக்கியம் என்றால் 5600 அல்லது 12400எஃப் வாங்கி, மிச்சப் பணத்தை கிராஃபிக்ஸ் கார்டில் போடுங்கள். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 படம்தான் காட்டும். 200 படத்துக்குச் செலவழிப்பது வீண்.

விலையை நான் எழுதவில்லை. வாரத்துக்கு வாரம் மாறுகிறது. கடைக்குப் போகும் முன் ஒரு துண்டுத்தாளில் பிராசஸரின் முழுப் பெயரையும் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பெண் பிள்ளை, ஆண் பிள்ளை யாருக்கு வாங்கினாலும் பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள்.

சந்தேகம் இருந்தால் கொட்டேஷனைப் படம் எடுத்து அனுப்புங்கள். சிவப்பு மை பேனா இன்னும் என்னிடம் இருக்கிறது.