வளவுக்குள் ஒரு வலைக்கூண்டு

யாழ்ப்பாணத்து வாழ்விலே வளவு என்பது வீட்டைச் சூழ்ந்த வெறும் நிலம் மட்டுமன்று. கிணறும் வேலியும், மாவும் முருங்கையும் அதற்குள் அடங்குவது போலவே, குடும்பத்தின் ஆசைகளும் அச்சங்களும் அதற்குள்ளேயே வளர்கின்றன. அத்தகைய வளவொன்றின் பின்புறத்திலே துடுப்பாட்டப் பயிற்சிக்கென வலைக்கூண்டொன்றை அமைத்த அனுபவமே இக்கட்டுரையின் பொருளாகும்.

கடந்த விடுமுறையில் வீடு சென்றிருந்தபோது, பதினான்கு வயதுடைய என் தங்கை கிறிக்கெற் பழக விரும்புவதாக அம்மா சற்றுத் தயக்கத்துடன் கூறினார். அவள் கற்கும் பாடசாலையிலே பெண்களுக்கு வலைப்பந்தாட்டம் உண்டு, கிறிக்கெற் இல்லை. ஊர் மைதானமோ மாலை வேளைகளில் இளைஞருக்கே உரியது. "வெளியிலை வேண்டாம், வளவுக்குள்ளை எண்டால் விளையாடட்டும்" என்பது அப்பாவின் தீர்ப்பு. அத்தீர்ப்பின் விளைவாகவே கூண்டு பிறந்தது.

ஆடுகளத்தின் நீளம் 22 யார், அதாவது ஏறத்தாழ 20 மீற்றர். எமது கிணற்றடிக்கும் பின்வேலிக்கும் இடையே கிடைத்ததோ 15 மீற்றர். ஆதலின், ஓடிவந்து பந்து வீசுவதை விடுத்து, நின்ற நிலையில் எறிந்து பழகுவதெனத் தீர்மானித்தோம். அகலம் 12 அடி. நிலத்தைக் கொத்திச் சமப்படுத்தி, நீர் தெளித்து, தண்ணீர் நிரப்பிய பீப்பாயொன்றை உருட்டி இறுக்கினோம். அதன் மேல் தும்பு விரிப்பை இழுத்து விரித்து ஓரங்களில் ஆணியறைந்தோம். இரும்புக் குழாய்கள் கம்பங்களாயின.

வலையைக் கடற்றொழிலாளர் ஒருவரிடம் வாங்கினோம். பந்தின் விட்டம் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். வலைக்கண் அதனிலும் சிறிதாயிருத்தல் வேண்டும். கிழிந்திருந்த கண்களை அவரே ஒரு மாலைப் பொழுதிலிருந்து பொத்தித் தந்தார். "இறுக்கிக் கட்டாதேங்கோ தம்பி, தொய்யவிட்டுக் கட்டுங்கோ" என்றும் சொன்னார். அவர் கூற்றிலே ஆழ்ந்த நுட்பம் உண்டு. இறுகிய வலை பந்தை அடித்தவர் மீதே திருப்பி எறியும். தொய்ந்த வலையோ பந்தின் வேகத்தைத் தன்னுள் வாங்கி, அதனைக் காலடியில் விழவிடும். வலையின் அடி விளிம்பு ஓரடியளவு நிலத்திற் படிந்து கிடந்தால், பந்து கீழாக நழுவிப் போவதுமில்லை.

எல்லாம் முடிந்த பின், திண்ணையிலிருந்த அம்மம்மா, "உந்தக் கூடு கோழிக்கோ, பிள்ளைக்கோ?" என்று கேட்டார். யாவரும் சிரித்தோம். எனினும் அவ்வினா என் மனத்தைவிட்டு அகலவில்லை.

டெஸ்ற் ஆட்டங்களிலே 99.94 என்னும் சராசரியைப் பெற்ற டொன் பிறட்மன், சிறுவனாயிருந்தபோது அவுஸ்திரேலியாவின் பௌரல் என்னும் ஊரிலே, தம் வீட்டின் பின்புறத்து நீர்த்தாங்கியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ப் பந்தை எறிந்து, அது திரும்பி வரும்போது விக்கற் கம்பொன்றினால் அடித்துப் பழகினார் என்பது பலரும் அறிந்ததே. வளவிலே பெரிய ஆட்டக்காரர் உருவாகலாம் என்பதற்கு இது சான்று. ஆயின், பிறட்மனுக்கு வளவு தொடக்கமாயிருந்தது. என் தங்கைக்கு அதுவே எல்லையாகவும் விதிக்கப்பட்டிருந்தது.

கூண்டு எதனைக் கற்பிக்கும் என நோக்குவோம். காலை முன்வைத்தல், தலையை அசையாது வைத்தல், பந்தை இறுதிவரை பார்த்தல் ஆகியவற்றை அது நன்கு கற்பிக்கும். மறுமுனையில் நிற்பவரை நம்பி ஓடுவதையும், களத்தடுப்பாளரிடையே இடைவெளி காண்பதையும், ஆட்டமிழந்து பலர் முன்னிலையில் நடந்து திரும்புவதையும் அது கற்பிக்காது. ஒருநாள் தங்கை பந்தொன்றை அழகாக உயர்த்தி அடித்துவிட்டு, "இது நாலோ அண்ணா, பிடியோ?" என்று கேட்டாள். பந்து வலையிற்பட்டு விழுந்து கிடந்தது. என்னிடம் விடை இருக்கவில்லை. அவ்விடை மைதானத்திலேயே உண்டு.

2024 ஏப்ரலில் சமரி அத்தபத்து தென்னாபிரிக்காவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 195 ஓட்டங்களைப் பெற்றார். அதே ஆண்டு யூலையில், தம்புள்ளையிலே இந்தியாவை வென்று இலங்கை மகளிர் அணி ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. இச்செய்திகளை அப்பாவும் ஆர்வத்துடன் பார்த்தவரே. பிறர் மகள் மைதானத்தில் ஆடுவதைப் பாராட்டும் எமது சமூகம், தன் மகளுக்கு மட்டும் வேலியைக் காட்டுவது முரண்பாடன்றோ? இதனை ஓரிரவு உணவின்போது அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் கூறவில்லை. மறுநாள் மாலை, தங்கைக்குப் பந்தெறிய அவரே கூண்டுக்கு வந்தார்.

இப்பொழுது அயல்வீட்டுச் சிறுமியர் மூவரும் அங்கு வருகின்றனர். நால்வருக்கு அக்கூண்டு போதாது. வாரத்தில் ஒரு மாலையேனும் மைதானத்தை அவர்களுக்கு ஒதுக்குமாறு ஊர் விளையாட்டுக் கழகத்திற்குக் கடிதம் எழுதியுள்ளோம். அப்பாவும் அதிற் கையொப்பமிட்டுள்ளார். பதில் இன்னும் வரவில்லை. மாலைதோறும் பயிற்சி நடைபெறுகின்றது.