வண்டிக்குக் கட்டிய சங்கு

காயல்பட்டினத்துத் தெருக்களை அறிந்த அன்பர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வீட்டோடு வீடு ஒட்டி நிற்க, இடையிடையே முடுக்குகள் ஓடும் ஊர் அது. நம் இல்லத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. ஆகவே இருபது ஆண்டுகளுக்கு மேலாக நமக்கு உழைத்துவரும் மாருதி 800, தெருமுனை வேப்பமரத்தடியிலேதான் இரவைக் கழிக்கிறது. விற்கப்போனால் பெருந்தொகை தரும் வண்டியன்று அது. ஆயினும் வாரத்தில் இருமுறை, சிறுநீரகச் சுத்திகரிப்புக்காக வாப்பாவைத் தூத்துக்குடிக்கு ஏற்றிச் செல்வது அதுவே. ஒருநாள் காலை, ஓட்டுநர் கதவுப் பூட்டின் வாயில் எவனோ இரும்பு நுழைத்துத் திருகிய தழும்பைக் கண்டபோது, களவு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்திவிடுவது என்று முடிவு செய்தோம்.

அருகிலுள்ள நகரத்துக் கடையொன்றில் அரைமணி நேரத்தில் வேலையை முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். அவர்கள் முன்பு பொருத்திய நண்பர் ஒருவரின் வண்டியைப் பார்க்க வாய்த்தது. டேஷ்போர்டின் கீழே குனிந்து நோக்கினால், பிரேக் மிதிக்கு மேலே கம்பிகள் கொத்தாகத் தொங்கின. பழைய கம்பியின் தோலை நடுவே சீவி, புதுக்கம்பியை அதன்மேல் முறுக்கி, டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். வெயிலில் டேப்பின் பசை இளகி வழுகியிருந்தது. உப்புக்காற்று பட்ட செம்பு பச்சை பூத்திருந்தது. இத்தகைய இணைப்பு ஒருநாள் அறுந்து போனால் நட்டம் கருவியோடு போகும். தளர்ந்து ஆடி, வண்டியின் இரும்புடலைத் தொட்டுவிட்டாலோ தீப்பிடிக்கவும் கூடும். வேலையை வீட்டிலேயே செய்வோம் என்று சொன்னவன், பாலிடெக்னிக்கில் மின்னியல் பயின்ற தங்கை மகன்.

திருப்புளியைத் தொடுமுன் இரண்டு மாலைப்பொழுதுகள் காகிதத்தில் கழிந்தன. எக்கம்பி எங்கிருந்து புறப்படுகிறது, எவ்வழியே செல்கிறது, எங்கே முடிகிறது என்று அவன் வரைந்துகொண்டே போனான். அப்போதுதான் வீட்டில் வழக்கு எழுந்தது. கருவி விழித்திருக்கும்போது எஞ்சினை முடக்க ஒரு ரிலே வைக்க வேண்டும். அதை எந்த மின்வழியில் வைப்பது? பெட்ரோல் பம்புக்குச் செல்லும் மின்சாரத்தையே அறுத்துவிட வேண்டும் என்பது மச்சானின் கட்சி. திண்ணையில் சாய்ந்திருந்த வாப்பா கேட்டார்கள்: “களவாணிக்கு ஓடாது, சரி. எனக்கும் ஓடாமல் நின்றுவிட்டால்?”

அக்கேள்விதான் திட்டத்தையே திருத்தி அமைத்தது எனலாம். பம்பின் வழியில் வைத்த ரிலே பழுதுற்றால், திருச்செந்தூர்ச் சாலையில் பேருந்துக்கு முன்னே ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடக்கூடும். சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்குச் செல்லும் கம்பியில் வைத்தாலோ, நின்ற வண்டி புறப்படாது. ஓடும் வண்டி நிற்காது. ரிலேயிலும் ஒரு தேர்வு உண்டு. மின்சாரம் வரும்போதுதான் தொடர்பைத் துண்டிக்கும்படி அதை இணைத்தால், கருவி செத்துப்போன நாளில் தொடர்பு தானே மூடிய நிலையில் நிற்கும். வண்டி வழக்கம்போல் கிளம்பும். “தள்ளிவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளுமே மருமகனே, களவாணிக்கு அது தெரியாதா?” என்றார் மச்சான், விடாமல். ஸ்டியரிங் பூட்டையும் உடைத்து, சங்கு அலறிக்கொண்டிருக்க, நம் தெருவில் நால்வர் கூடி வண்டி தள்ளுவதாயின், அவர்களுக்கு நாமே ஒரு கை கொடுக்கலாம்! அன்றியும், நள்ளிரவில் வாப்பாவுக்கு மூச்சு முட்டி, கருவியும் கைவிட்டால், அதே தள்ளுதான் நமக்கும் கதி. ஆகவே அந்த ஓட்டையை அறிந்தே விட்டுவைத்தோம்.

ஞாயிறு காலை, முதல் வேலையாகப் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றினோம். புதிய மின்வழிக்கான ஃப்யூஸைப் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே வைத்தான் மருமகன். ஃப்யூஸுக்கு முந்திய கம்பிக்குக் காவல் ஏதும் இல்லை. அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நலம். எஞ்சின் அறைக்கும் இருக்கைகளுக்கும் இடைப்பட்ட இரும்புத் தகட்டில், பழைய கம்பிக்கற்றை நுழையும் ரப்பர் வளையத்தின் வழியாகவே புதியவற்றையும் நுழைத்தோம். தகட்டின் கூரிய விளிம்பு, வண்டியின் அதிர்வில் கம்பித்தோலை நாளடைவில் அறுத்துவிடும் என்பதால் இந்தக் கவனம்.

இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஈயப்பற்று வைத்து, சூட்டில் சுருங்கும் உறையை மேலே இழுத்து மூடினோம். பற்று வைத்த இடம் விறைத்துப்போவதால், அதிர்வில் அதன் ஓரத்திலேயே கம்பி முறியக்கூடும். ஆகவே ஒவ்வோர் இணைப்பையும் அருகிலுள்ள கற்றையோடு சேர்த்து அசையாமல் கட்டினோம். பின்பு அனைத்தையும் தொழிற்சாலைக் கற்றையைப் போலவே கறுப்புத் துணி டேப்பினால் சுற்றினோம். இது அழகுக்காக மட்டுமன்று. எது பழைய கம்பி, எது புதிய கம்பி என்று அறிய முடியாதவனுக்கு எதை அறுப்பது என்றும் தெரியாது.

இங்கே நாம் சங்கு என்பது சைரனை. ஆலைச்சங்கு ஊதிய காலத்திலிருந்தே அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டோம். புகைக்குழாயின் சூட்டுக்கு எட்டாத மூலையில், மழைநீர் தேங்காதபடி வாய் கீழ்நோக்க அதை முடுக்கினோம். கருவிப் பெட்டியோ டேஷ்போர்டின் பின்னே, கீழிருந்து கைவிட்டுப் பறிக்க முடியாத உயரத்தில் அமர்ந்தது. கதவு திறந்தால் உள்விளக்கை ஏற்றும் சிறு விசையே கருவிக்கும் ஒற்றன். அவ்விசை இல்லாத கதவுகளுக்கும் பானெட்டுக்கும் புதிதாக வைத்தோம்.

மிகுந்த பொறுமை வேண்டியிருந்தது அதிர்வை உணரும் உறுப்புக்குத்தான். அதன் சிறு திருகை ஒரு நூல் அதிகமாகத் திருப்பினாலும் பூனை குதித்தால் அலறும். குறைத்தாலோ கண்ணாடியை உடைத்தாலும் உறங்கும். எதிர்வீட்டில் பிறந்து நாற்பது நாளும் ஆகாத குழந்தை. ஒலிமாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல் என்று அவை வரம்பு வைத்திருக்கின்றன. விதி கிடக்கட்டும். காரணமின்றி நான்கு இரவுகள் ஊதிய சங்குக்கு ஐந்தாம் இரவில் எவர் சன்னல் திறப்பார்? ஆகவே ஒரு வாரம் சங்கின் கம்பியைக் கழற்றிவிட்டு, விளக்குகள் மட்டும் மின்னும்படி வைத்துப் பார்த்தோம். விடியற்காலை மீன் லாரி கடக்கும்போது இருமுறை மின்னிற்று. திருகைச் சற்றே குறைத்தோம். பின்பு லாரிக்கு அசையவில்லை. உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினால் மட்டும் விழித்தது. அதன் பின்னரே சங்கை இணைத்தோம். அதுவும் முப்பது நொடி ஊதி அடங்கும்.

நண்பரின் வண்டிக்கு நேர்ந்த மற்றொன்றும் நினைவிலிருந்தது; அவர் வெளிநாடு சென்று மீள்வதற்குள் பேட்டரி வற்றிப்போயிருந்தது. மல்டிமீட்டரை வரிசையில் இணைத்து, கருவி அடங்கும்வரை காத்திருந்து அளந்ததில், ஓய்வில் அது உண்பது 18 மில்லி ஆம்பியர். அற்பம்தான். ஆனால் முப்பது நாளில் ஏறத்தாழ 13 ஆம்பியர்-மணி. நம் பேட்டரியின் கொள்ளளவோ 35. வாரம் இருமுறை ஓடும் வண்டிக்கு அது பொருட்டல்ல. நீண்ட பயணம் செல்வதாயின் எர்த் முனையைக் கழற்றிவிட்டுப் போவது என்று வைத்துக்கொண்டோம்.

ரிமோட் தொலைந்துவிட்டாலும் வண்டியைக் கிளப்ப ஒரு மறைவிசை உண்டு. இருட்டில் தடவிக் கண்டறிந்து அழுத்தும் வரை வீட்டில் மூவரைப் பழக்கினோம், வாப்பாவும் ஒருவர். மருமகன் வரைந்த படத்தை வண்டியில் வைக்கவில்லை. வீட்டுப் பத்திரங்களோடு அலமாரியில் இருக்கிறது. மறைவிசை இருக்கும் இடத்தை மட்டும் அவன் அதில் குறிக்கவில்லை.