எதை எடுப்பது, எதை விடுவது?

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்கள் கடையோடு திரும்பாமல் ஒரு தறியையும் எட்டிப் பார்க்க வேண்டும். மேலே ஜக்கார்டு பெட்டி, அதில் ஓட்டை போட்ட அட்டைகள். ஓட்டை இருந்தால் கொக்கி எழும்பும், பாவு இழை மேலே வரும். இல்லையென்றால் வராது. 240 கொக்கி என்றால் எத்தனை விதமாக ஓட்டை போடலாம் தெரியுமா? 73 இலக்க எண்! நெசவாளர் அத்தனையையுமா கோர்க்கிறார்? டிசைனுக்கு வேண்டியதை மட்டும்தான்.

குவாண்டம் வேதியியலிலும் இதே தலைவலிதான். எலக்ட்ரானுக்கான ஒவ்வொரு இடமும் கொக்கி மாதிரி. ஒன்று நிரம்பியிருக்கும், இல்லை காலி. நீர் மூலக்கூறில் 10 எலக்ட்ரான்தான். சிறிய கணக்கிலேயே 48 இடங்கள். 24 இடங்களில் மேல்சுழற்சி 5, மற்ற 24-ல் கீழ்ச்சுழற்சி 5 என்று உட்கார வைத்தால் சுமார் 180 கோடி அமைப்புகள்!

1973-ல் பிரான்சின் ஊரோன், மால்ரியூ, ராங்குரேல் மூவரும் 'சிப்ஸி' என்ற வழியைச் சொன்னார்கள். சில அமைப்புகளோடு தொடங்கு. மற்றவற்றின் பங்கைத் தோராயமாகப் பார். பெரியதைச் சேர். திரும்பவும் செய். விட்டுப்போன சில்லறையையும் மொத்தமாக மதிப்பிட்டுக் கூட்டிக்கொள். காமர்ஸ் மாணவர்கள் சரக்கைத் தரம் பிரிக்கும் ஏபிசி முறைக்கு இது தூரத்துச் சொந்தம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் சேர்ந்திருக்கும்போது ஒரே அமைப்பு கிட்டத்தட்டப் போதும். இழுத்துப் பிரித்தால், சில்லறையாக இருந்த இன்னொன்று சரிபாதிப் பங்கு கேட்கும். அதை விட்டால் கணக்கே தப்பு. பட்டியலை ஒருமுறை போட்டுப் பூட்டி வைக்கக் கூடாது. டிசைன் மாறினால் நெசவாளரும் அட்டையை மாற்றத்தானே செய்கிறார்?