போசியின் அடியில் ஒரு முத்திரை

இராசிபுரத்துக்கு அப்பால், கொல்லிமலை நீலமாய்த் தோன்றும் சிற்றூர் ஒன்றில், தொண்ணூறு வயதைக் கடந்த முதியவர் ஒருவர் வாழ்கின்றார். அவர் இல்லத்தில் அரிசி களைவதற்கென அலுமினியப் போசி ஒன்று உண்டு. உலக யுத்த காலத்தில் மலையில் மோதி வீழ்ந்த ஆகாய விமானத்தின் தகட்டினால் அடித்தது அது என்பது அக்குடும்பத்தாரின் நெடுநாளைய நம்பிக்கை. சென்ற விடுமுறையில் இதனைக் கேட்ட நாம் உள்ளம் பூரித்தோம். கல்லூரி மலருக்கு இதனினும் சிறந்த பொருள் ஏது? விமானத்தின் பெயரை அறிவோம், அதில் ஏறியிருந்தோர் இன்னாரென உரைப்போம் என்றெல்லாம் மனக்கோட்டை கட்டி, போசியைக் கவிழ்த்துச் சாம்பலிட்டுத் தேய்த்தோம். கரி அகன்றதும் சென்னைப் பாத்திரக் கம்பெனி ஒன்றின் முத்திரையும், அதன்கீழ் அளவு எண்ணும் துலங்கின.

முதியவர் ஒன்றும் கூறவில்லை. போசியை வாங்கித் துண்டால் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். உண்மையைக் கண்டோம் என்ற பெருமை நமக்குச் சிறிதும் தோன்றவில்லை. எண்பது ஆண்டுகளாக அவர் பேணி வந்த ஒன்றை அரை நாழிகையில் அழித்துவிட்டோமே என்ற கூச்சமே மிகுந்தது.

போசி பொய்த்தது, எனினும் அதுபோன்ற கதை பொய்யன்று. இந்தியாவின் வடகிழக்கு மலைகளில் அது மெய்யாகவே நிகழ்ந்தது. ஜப்பானியர் பர்மாச் சாலையை 1942-இல் அடைத்துவிட்டமையால், சீனத்துக்கு வேண்டிய பண்டங்கள் யாவும் அஸ்ஸாமிலிருந்து இமயத்தின் கீழைத் தொடர்களைக் கடந்து வான்வழியே சென்றன. அம்மலைத் திமிலில் மடிந்த விமானங்கள் ஏறக்குறைய 600 என்பர். அவற்றின் தகடுகள் மலைவாணர் இல்லங்களில் பாத்திரங்களாயின. ஊர் திரும்பிய பின்னர் அவ்விமானங்களுள் ஒன்றன் வரலாற்றைத் தேடிப் படிப்பதே நமக்கு வேலையாயிற்று.

அது பி-24 லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். அமெரிக்கரின் 308-ஆம் குண்டுவீச்சுப் படைப் பிரிவைச் சேர்ந்தது. ‘ஹாட் ஆஸ் ஹெல்’ என்று அதன் வீரர் விளையாட்டாகப் பெயரிட்டிருந்தனர். அப்பிரிவு தனக்கு வேண்டிய பெட்ரோலையும் குண்டுகளையும் தானே மலை கடந்து சுமந்து வரவேண்டியிருந்தது. ஒரு முறை போருக்குப் புறப்பட, பல முறை சுமை கூலியாக உழைக்கவேண்டும்! 1944 ஜனவரி 25 அன்று குன்மிங்கிலிருந்து அஸ்ஸாமின் சாபுவாவை நோக்கி எட்டுப் பேருடன் அது புறப்பட்டது. வானிலை கெட்டது. விமானம் வந்து சேரவில்லை. தேடியும் கண்டாரில்லை.

அறுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2006 டிசம்பரில் கிளேட்டன் கூல்ஸ் என்னும் அமெரிக்க மலையேறுபவர், அருணாசலப் பிரதேசத்து மேல் சியாங் மாவட்டத்தில், தம்ரோ என்னும் ஊர்ப்புறத்து மக்களின் துணையுடன் சிதைவுகள் கிடந்த சரிவை அடைந்தார். நம் முதியவரின் போசிக்கு நேர்ந்த சோதனை அச்சிதைவுகளுக்கும் நேர்ந்தது. அவை எவ்விமானத்தின் சிதைவுகள் என்பதற்கு எண்ணே சான்று. அவ்விமானத்தின் எண் 42-73308. முன்னுள்ள 42 என்பது விமானத்துக்கு ஆணை தரப்பட்ட 1942-ஆம் நிதியாண்டைக் குறிக்கும். எஞ்சியது வரிசை எண். விமானம் காணாமற்போனால் படையினர் எழுதிவைக்கும் அறிக்கையில், எஞ்சின் ஒவ்வொன்றின் எண்ணும், துப்பாக்கிகளின் எண்ணுங்கூட இடம்பெறும். இரும்பு உருக்குலைந்தாலும் அதில் வெட்டிய எண் நிலைத்தால் போதும். மலைச்சரிவில் கிடக்கும் எஞ்சினையும் பெட்டகத்திலுள்ள தாளையும் அது இணைத்துவிடும்.

விமானம் இன்னதென்று தெரிந்தும் வீரரின் குடும்பத்தார் காத்திருக்கவே நேர்ந்தது. 2008-இல் அமெரிக்கக் குழு ஒன்று வந்து பார்த்தது. பின்னர்ப் பணி நின்றது. எல்லை குறித்துச் சீனத்தோடு வழக்குள்ள நாடு அது. அரசுகளின் தயக்கம் நமக்குப் புரியாததன்று. ஆயினும் உடன்பிறந்தானின் எலும்பு கிடக்கும் இடம் இன்னதென அறிந்தும் அதனைப் பெறவியலாத துயர், அறியாத துயரினும் கொடிது என்றே எண்ணுகின்றோம். 2015-இல் தோண்டும் பணி மீண்டும் தொடங்கியது. 2016 ஏப்ரலில் எச்சங்கள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. எண்மருள் ஒருவரான லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்போர்ட், ஜார்ஜியா மாநிலத்துக் கான்கார்டு என்னும் தம் ஊரில், 2017 ஜூனில் அடக்கம் பெற்றார்.

இதனை முதியவரிடம் கூறாமல் இருத்தல் தகாதெனத் தோன்றியது. மறுபடியும் சென்றோம். திண்ணையில் அமர்ந்து முழுவதும் கேட்டார். தம்ரோ மக்கள் தகட்டைப் பாத்திரமாக அடித்ததுண்டா என்று மட்டும் இடையே வினவினார்; அம்மலை நாட்டில் அவ்வழக்கம் உண்டென்றோம். முகம் சற்றுத் தெளிந்தது. முடிவில், “ஏங் கண்ணு, அந்த எட்டுப் பேருக்கும் கல்லு நட்டாங்களா?” என்றார்.

அவர் கேட்டது வியப்பன்று. தருமபுரி, செங்கம் பக்கங்களில் நடுகற்கள் பலவுள. இன்ன அரசனுக்கு இன்ன ஆண்டில், இன்னார் சேவகன், ஆநிரை மீட்டுப் பட்டான் என்று அவை பேசும். படையினரின் அறிக்கை கூறுவதும் ஏறத்தாழ இதுவே. சென்னை நந்தம்பாக்கத்திலும், தென்னாட்டிலும் கீழ்நாட்டிலும் பல இடுகாடுகளில் சிதறிக்கிடந்த யுத்தக் கல்லறைகளைக் கொணர்ந்து 1952-இல் அமைத்த இடுகாட்டில் 856 பேர் துயில்கின்றனர்.

“கல்லு உண்டுங்க அப்பாரு” என்று விடை கூறினோம். காணாமற்போன அமெரிக்க வீரரின் பெயர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் உள்ள இடுகாட்டின் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவர் கண்டெடுக்கப்பட்டால் அவர் பெயரருகே சிறு வெண்கலப் பூ ஒன்றைப் பதிப்பர் என்பதையும் சொன்னோம்.

“பூ வெக்கிறாங்களா” என்று மெல்லச் சொல்லிக்கொண்டார். பின்னர் உள்ளே திரும்பி, உண்டு செல்லும்படி நமக்கு உலை வைக்கச் சொன்னார். அன்றும் அரிசி அப்போசியிலேயே களையப்பட்டது.