பாசி தின்னும் ஆடுகளின் கம்பளி

கடல் உள்வாங்கும்வரை நார்த் ரொனால்ட்சே தீவின் ஆடுகள் பாறைகள் மேல் படுத்து அசை போடுகின்றன. நீர் வடியத் தொடங்கியதும் எழுந்து கரைக்கு இறங்குகின்றன. அங்கே புல் கிடையாது. அவை தின்பது கடற்பாசி.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுக்கூட்டத்தின் வடகோடித் தீவு இது. கிர்க்வால் நகரிலிருந்து எட்டுப் பேர் அமரும் குட்டி விமானத்தில் வரலாம். தீவைச் சுற்றி சுமார் 20 கி.மீ. நீளத்துக்கு ஒரு கல் சுவர் ஓடுகிறது. சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்.

மற்ற ஊர்களில் சுவர் ஆட்டை உள்ளே அடைக்கும். இங்கே வெளியே நிறுத்துகிறது. உள்ளே இருக்கும் நிலம் பயிருக்கும் மாடுகளுக்கும் என்று முடிவானதால் 1832-ல் சுவர் எழுந்தது. ஆடுகளுக்குக் கடற்கரையே கதியானது. குட்டி ஈனும் பருவத்தில் மட்டும் பெட்டை ஆடுகளுக்கு உள்ளே இடம் உண்டு.

பாசியில் தாமிரச் சத்து குறைவு. கிடைக்கும் கொஞ்சத்தையும் உறிஞ்சிக்கொள்ள இவற்றின் உடல் பழகிவிட்டது. அதனால் நீண்ட நாள் புல் மேய்ந்தால், அதிலுள்ள தாமிரமே விஷமாகலாம்.

ஆடு சிறியது. பெட்டையின் எடை சுமார் 25 கிலோ. கத்தரித்தால் கிடைப்பது ஒன்று, ஒன்றரைக் கிலோ ரோமம். மேலே முரட்டு முடி, அடியில் மென்மையான கம்பளி. வெள்ளை, சாம்பல், பழுப்பு, கறுப்பு என்று நிறம் ஆட்டுக்கு ஆடு மாறும். ஒரே நிறத்தில் மூட்டை மூட்டையாகக் கேட்கும் பெரிய ஆலைகளுக்கு இது தலைவலி. ஸ்வெட்டர் பின்னுபவர்களுக்கோ அதுதான் கவர்ச்சி. கலங்கரை விளக்கத்தை ஒட்டிய பழைய கட்டடத்தில் தீவினர் ஒரு சிறிய நூற்பாலையைத் தொடங்கினார்கள். முரட்டு முடியை நீக்கி, வாரி, நூற்று, ஆட்டின் சொந்த நிறத்திலேயே சிட்டம் போட்டு விற்கிறார்கள்.

சிக்கல் சுவரில் இருக்கிறது. 2012 டிசம்பர் புயலில் பல இடங்களில் அது சரிந்தது. முன்பெல்லாம் சுவரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்பம் பொறுப்பு. இடிந்தால் அவர்களே அடுக்குவார்கள். 19-ம் நூற்றாண்டில் 500 பேருக்கு மேல் வாழ்ந்த தீவில் இன்று இருப்பது சுமார் 60 பேர். 2016 முதல் கோடையில் ஆட்டுத் திருவிழா நடத்தி, வெளியூர் தன்னார்வலர்களைக் கல் அடுக்க அழைக்கிறார்கள். 2019-ல் சுவரைப் பராமரிக்கவே ஓர் ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது.

சுவர் போனால் ஆடுகள் உள்ளே புகும். வேறு ஆடுகளோடு கலந்து தனி இனம் என்பதே இல்லாமல் போகும். எல்லா ஆடுகளும் ஒரே தீவில் இருப்பது ஆபத்து என்பதால், 1974-ல் பிரிட்டனின் அரிய இனங்கள் பாதுகாப்பு அறக்கட்டளை லிங்கா ஹோம் என்ற ஆளில்லாத் தீவை வாங்கி ஒரு மந்தையைக் குடியேற்றியது.

நூல் விற்ற காசு மட்டும் சுவரை நிமிர்த்தாது. ஆனால் ஆட்டை வைத்துக்கொள்ள ஒரு காரணம் தருகிறது. கல் தூக்கத்தான் கைகள் போதவில்லை.