இறக்கத்தில் இடது வலதாகும்



"நம்ம ஊர்ல மலையா இருக்கு, சரிவைப் பத்திப் பேச?" என்று கேட்பீர்கள். நம் ஊர்ப் பெயரிலேயே பிட்டி இருக்கிறது. பிட்டி என்றால் மேடுதானே. கடற்கரை மணல் சரிவு, களப்புக்கு இறங்கும் பாதை, ரோட்டு ஓரம், மதகு என்று எத்தனை இடம்! லேண்ட்மாஸ்டர் கவிழ மலை தேவையில்லை. ஒரு பக்கச் சில்லு இறங்குகிற பள்ளம் போதும். மணல் என்றால் பாரம் ஏறிய சில்லு இன்னும் புதையும், சரிவும் கூடும்.

இதை எழுதக் காரணம் நம் பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டதும் பல மகன்மார் வாப்பாவுக்கு உதவியாக வெங்காய மூட்டை, தண்ணீர் டேங்க், மீன் பெட்டி ஏற்றி ஓட்டுகிறார்கள். உழைக்கிற பிள்ளைகளை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் ஓட்டக் காட்டிக் கொடுப்பவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

லேண்ட்மாஸ்டர் என்பது 1950களில் நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன உருவாக்கிய இரு சக்கர உழவு இயந்திரத்தின் பெயர். இன்று எந்தக் கம்பனி மெஷினையும் அப்படித்தான் அழைக்கிறோம். மட்டமான வயலில் உழ வந்த மெஷினுக்கு நாம் ட்ரெயிலர் கொளுவி ரோட்டில் ஓட்டுகிறோம்.

கைப்பிடியின் கீழே இரண்டு கிளச் லிவர் உண்டு. சமதரையில் இடது லிவரைப் பிடித்தால் இடது சில்லுக்கு எஞ்சின் இழுவை நிற்கும், வலது சில்லு தள்ளும், மெஷின் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் கதை வேறு. அங்கே பாரம் பின்னாலிருந்து தள்ளுகிறது, எஞ்சின்தான் சில்லுகளைப் பிடித்து வைத்திருக்கிறது. இடது லிவரைப் பிடித்தால் அந்தச் சில்லு பிடி விட்டு வேகமாக உருளும், மெஷின் வலப்பக்கம் திரும்பிவிடும். பதறிப்போய் இன்னும் இறுக்கிப் பிடித்தால் பள்ளத்துக்குள்தான்.

ஆகவே இறக்கத்துக்கு முன்பே நின்று, சின்ன கியருக்கு மாற்றுங்கள். இறங்கும்போது மெயின் கிளச் பிடிப்பதும் நியூட்ரலில் விடுவதும் வேண்டாம். பக்க லிவர்களைத் தொடாமல் கைப்பிடியை உடம்பால் தள்ளித் திருப்புங்கள். ட்ரெயிலர் பிரேக் வேலை செய்கிறதா என்று புறப்படும் முன் பாருங்கள். சரிவில் குறுக்காகப் போகாமல் நேராக ஏறி நேராக இறங்குங்கள்.

பாரத்தை உயரமாக அடுக்க வேண்டாம். உயரம் கூடக் கூட, சின்னச் சாய்விலேயே பாரத்தின் மையம் சில்லுக்கு வெளியே போய்விடும், வண்டி கவிழும். 1000 லீட்டர் தண்ணீர் என்றால் 1000 கிலோ. அரை டேங்க் பாரம் குறைவுதான், ஆனால் வளைவில் தண்ணீர் முழுதும் ஒரு பக்கம் ஓடும். நிரப்பிப் போங்கள், இல்லையென்றால் வெறுமையாகப் போங்கள்.

நாலு சில்லு மெஷினால் போட் இழுப்பவர்கள் கயிற்றைப் பின்னால் தாழ்வாக உள்ள கொளுக்கியில் மட்டும் கட்டுங்கள். அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கி, மெஷின் ஓட்டுபவர் மேலேயே பின்னால் விழும். சில்லு மணலில் புதைந்தால் எஞ்சினை முறுக்காமல் ரிவர்ஸில் எடுங்கள்.

வகுப்பில் நாங்கள் கரும்பலகையில் முக்கோணம் கீறிப் புவியீர்ப்பு மையம் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் சரியாகவே விடை எழுதுகிறார்கள். அந்த விடை களப்பு இறக்கத்தில் அவர்கள் கைக்கு வர வேண்டுமென்றால், வாப்பாமாரும் நானாமாரும்தான் பக்கத்தில் நின்று பழக்க வேண்டும். வெறும் ட்ரெயிலருடன், சின்ன இறக்கத்தில், மெதுவாகப் பழக்குங்கள். அதுவரை மூட்டைக்கு மேல் தம்பி தங்கச்சிமாரை ஏற்ற வேண்டாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.