காலில் சுருட்டல், வேர் இடுப்பில்!

"நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறோமே, அதனால்தான் காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி எனக்குத் தெரிந்தது, இரண்டாம் முறை வைத்தியத்துக்குப் போனபோது.

இரண்டாவது பிரசவத்துக்குப் பின் என் இடது தொடையின் பின்பக்கம் நீல நீலமாய்ப் புடைத்தது. லேசர் வைத்து அடைத்தார்கள். ஒன்றரை வருஷத்தில் அதே இடத்தில் மறுபடியும்! சாயங்காலமானால் அடிவயிறு கனக்கும். மாதவிலக்கு நெருங்கினால் கேட்கவே வேண்டாம். "பேசாம கர்ப்பப்பையை எடுத்துடு, எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள் ஓரகத்தி. அப்போது எனக்கு வயது 32.

புதிதாகப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே வேறு: "மாசமா இருக்கறப்ப மறைவிடத்துல நரம்பு புடைச்சுதாம்மா?"

புடைத்ததுதான். அதுவரை யாரும் கேட்டதில்லை!

நாம் நரம்பு என்பது இங்கே ரத்தக் குழாய்தானாம். மேலே ஏறும் ரத்தம் கீழே இறங்காதபடி அதற்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. கர்ப்பத்தில் இடுப்புக்குள் உள்ள குழாய்கள் விரிந்து வால்வு பழுதானால், ரத்தம் பின்னோக்கி இறங்கி, அங்கே தேங்கி, தொடை வரை வழியும். இடது பக்கம்தான் இது அதிகம். "மேலே குழாய் ஒழுகறப்ப தரையை மட்டும் துடைச்சு என்ன பிரயோஜனம்?" என்றார்.

டாப்ளர் ஸ்கேனில் அது உறுதியாயிற்று. பிறகு வழிகளை விளக்கினார். தொந்தரவு காலில் மட்டும் என்றால் இறுக்கமான காலுறை, அல்லது புடைத்த குழாய்க்குள் நுரை மருந்து ஊசி. அடிவயிற்று வலியும் சேர்ந்திருந்தால், கழுத்திலோ தொடை இடுக்கிலோ சிறு துளையிட்டு மெல்லிய டியூபைச் செலுத்தி, பழுதான குழாயைக் கம்பிச் சுருளால் அடைக்கலாம். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியே போதும். எக்ஸ்ரே உதவியோடு செய்வதால், கர்ப்பமில்லை என்று முதலில் நிச்சயப்படுத்திக்கொள்வார்கள்.

"நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன், சிலருக்குத் திரும்பவும் வரலாம்" என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைதான் எனக்குத் தைரியம் தந்தது. சுருள் வைத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் வயிற்றுக் கனம் வெகுவாகக் குறைந்தது. தொடையில் மிஞ்சியதற்கு நுரை ஊசி. கர்ப்பப்பை பத்திரமாக இருக்கிறது!

புதுத் தாய்மார்களே, கர்ப்பத்தில் மறைவிடத்தில் வரும் புடைப்பு, பிரசவமான சில வாரங்களில் பெரும்பாலும் தானே வற்றிவிடும். வற்றாவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைச் சதை வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். புடைத்த இடம் உடைந்து ரத்தம் வந்தால், படுத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பிறகு டாக்டரிடம் காட்டுங்கள்.